போக்குவரவு

அண்ணாச்சி,

இன்று காலை, சாதக பாதகங்களை எல்லாம் சீர்தூக்கிப் பார்த்தபின், உங்கள் சாவிக்கு எண்ணெய் போடுவது என்று தீர்மானித்தேன். வீட்டில் எதிர்ப்பு இல்லை. எந்த எண்ணெய் என்பதில் மட்டும் சிறிது விவாதம் நடந்தது. யுத்தத்தால் மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை, தேங்காயெண்ணெய் வென்றது. துணியால் துடைத்தபோது துருவோடு கலந்து எழுந்தது, சாலைக் கடைத்தெருவில் உங்கள் இரும்புக் கடையின் வாசனை.

திருநெல்வேலியிலிருந்து வந்து பல வருடம் வாடகைக்கு இருந்த கடையை நீங்கள் விலைக்கு வாங்கினீர்கள். பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைத்த தேங்காயில் ஒரு சில்லு, பக்கத்துத் துணிக்கடையில் இருந்த எனக்கும் வந்தது. ரெஜிஸ்தர் கச்சேரியில் பத்திரம் பதிந்தாயிற்று. மாடி கட்டத் தேக்கு உத்தரங்கள் வந்து இறங்கின. "இனி ஓடு மாத்தணும்னு எவன் வாசல்லயும் போய் நிக்க வேண்டாம்வே" என்றீர்கள்.

மறுமாதம் இருவரும் பகுதிக் கச்சேரிக்கு நிலவரி கட்டப் போனோம். குமாஸ்தா தலை நிமிராமல் மலையாளத்தில் கேட்டார்: "கடையுடெ போக்குவரவு நடத்தியோ?"

"தெனமும்லா நடத்துதேன். காலையில போறேன், வெளக்கு வச்சதும் வாறேன். ஞாயித்துக்கெழமையும் உண்டு."

குமாஸ்தா சிரித்தார். நான் சிரித்தேன். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அவர் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே ரசீது கிழித்துக் கொடுத்தார்.

இந்த ஊர்க் கச்சேரியில் போக்குவரவு என்றால், சர்க்கார் புத்தகத்தில் விற்றவர் பெயர் போய் வாங்கியவர் பெயர் வருவது. எனக்கு அது தெரியும். படியிறங்கும்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் வேடிக்கை கெட்டுவிடும் என்று நினைத்தேன். கதையைக் கரமனை வரை கொண்டுபோனேன். நல்ல வரவேற்பு இருந்தது.

நீங்கள் சர்க்காரை நம்பாதவர் அல்ல. அது ஒன்றுதான் என்று நம்பியது மட்டுமே தவறு. ரெஜிஸ்தர் கச்சேரிக்குத் தெரிந்தது பகுதிக் கச்சேரிக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு தெருவும் ஒரு வெற்றிலைக் கடையும் இருந்தன.

விற்றவர் காலமானதும், இந்த ஊர் மருமக்கள் வழக்கப்படி வாரிசான அவருடைய சகோதரி மக்கள் பகுதிக் கச்சேரிப் புத்தகத்தைக் காட்டி, கடை தங்கள் குடும்பச் சொத்து என்று வழக்குப் போட்டார்கள். அன்றைக்குத்தான் உங்களிடம் அந்தச் சொல்லுக்குப் பொருள் சொன்னேன்.

"அப்பவே தெரியுமாவே ஒமக்கு?"

"தெரியும் அண்ணாச்சி."

ஆணிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடி வைத்தீர்கள். மறுநாள் பெரிய பூட்டு ஒன்று வாங்கிப் போட்டு, மறுசாவியை என் கையில் வைத்தீர்கள். "புத்தகத்துல எவன் பேரும் இருந்துட்டுப் போட்டும். சாவி நம்மகிட்டதான இருக்கு." தெருவில் அத்தனை பேர் இருக்க என்னிடம் ஏன் கொடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

வழக்கு ஆறு வருடம் நடந்தது. மாடி என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம், "யாரு வீட்டு மாடியோ, நான் ஏன் கெட்டணும்?" என்றீர்கள். உத்தரங்கள் கடைக்குப் பின்னால் கிடந்தன. ஒவ்வொரு இடவப்பாதி மழையிலும் அவை நனைவதைத் துணிக்கடைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். ஒருமுறை ஓலை கொண்டுவந்து மூடினேன். நீங்கள் பார்த்தீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்த நாற்பதாம் நாள் தீர்ப்பு வந்தது. கடை உங்களுடையதுதானாம். உங்கள் மகன் அந்த வாரமே போக்குவரவு நடத்தினான். அடுத்த மாதம் விற்றான்.

சாவி துரு நீங்கி என் மேசைமேல் இருக்கிறது. கடையை வாங்கியவர் உத்தரங்களை விறகுக்குக் கொடுத்துவிட்டு, பூட்டை மாற்றினார்.