நீலக் கட்டம்

ஜெயங்கொண்டம்,
26.11.2025, புதன்கிழமை.

அன்பு மகள் மணிமொழிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் டப்ளின் குளிரில் காய்ச்சல், சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்ற நினைப்போடு தொடங்குகிறேன். இங்கே உடம்பைப் பொறுத்தவரை இருவரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை வெறும் வயிற்றில் நூற்று நாற்பது, எனக்கு முழங்கால் வலி பழையபடி. மனதைப் பொறுத்தவரை நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஐந்து நாளாக மழை, தா.பழூர் பக்கம் வயல்களில் தண்ணீர் வடியாமல் நிற்கிறது, நம் தெருவில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிறது. போனில் சொல்லாமல் இந்த மனுஷன் ஏன் தபாலில் எழுதுகிறார் என்று நினைப்பாய். நான் உன்னோடு பேசத் தொடங்கினால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள். இது அவள் காதில் விழக் கூடாத விஷயம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

உன் தம்பி தமிழ்மாறன் வீட்டை விட்டுப் போய் ஆறு வருடம் ஐந்து மாதம் ஒன்பது நாள் ஆகிறது. வேலையை விட்டுவிட்டு வந்தவனோடு நான் மூன்று நாள் பேசவில்லை, நான்காம் நாள் பேசினேன், பேசாமலே இருந்திருக்கலாம். இதெல்லாம் உனக்குத் தெரியும். இந்த வருடம் பிப்ரவரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலையானால் அம்மாவின் போனுக்குத் தெரியாத எண்களிலிருந்து அழைப்பு வந்ததும், எடுத்தால் யாரும் பேசாமல் வைத்துவிட்டதும், அது தமிழ்மாறன்தான் என்று அவள் முடிவு கட்டியதும் உனக்குத் தெரியும். ஞாயிறு மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை நீ கூப்பிடக் கூடாது, லைன் காலியாக இருக்க வேண்டும் என்று அவள் உனக்குச் சட்டம் போட்டதில் உனக்கு வருத்தம். அங்கே அதுதான் உனக்கு ஓய்வாக இருக்கும் நேரம் என்று எனக்கும் தெரியும். நான் அவளோடு வாதாடாமல் இல்லை. எண் ஒவ்வொன்றும் வேறு வேறாக இருக்கிறதே என்றேன். ஊர் ஊராப் போறவன், கெடைச்சவங்ககிட்ட போன் வாங்கிப் பேசுறான் என்றாள். ஞாயிறு மட்டும் ஏன் என்றேன். அன்னைக்குத்தாங்க அவனுக்கு லீவு என்றாள். நானே இரண்டு எண்களைத் திருப்பி அழைத்தேன். ஒன்று அணைந்திருந்தது, மற்றதில் ஒரு பையன் ராங் நம்பர் அங்கிள் என்று வைத்துவிட்டான். அதற்கு அவள் என்னிடம் நான்கு நாள் பேசவில்லை. நீங்க பயமுறுத்துனா அப்புறம் அவன் பண்ணவே மாட்டான், ஒரு தடவை பயமுறுத்துனது போதாதா என்றாள். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் தேதி, மணி, எண், என்ன கேட்டது என்று எழுதி வந்தாள். நாற்பத்தொரு அழைப்பு. ஏப்ரல் ஆறாம் தேதி மாலை நாலே முக்காலுக்கு வந்ததில் மட்டும் ஒரு வாலிபக் குரல், அம்மா சாவி எங்க இருக்கு என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டது. அன்றிலிருந்து அவள் வாசல் கதவைப் பூட்டுவதில்லை. பகலில் வந்து பார்த்துப் பூட்டியிருக்கிறதே என்று திரும்பிப் போயிருக்கிறான் என்றாள். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கல்யாணத்துக்கும் அவள் வருவதில்லை.

அதனால்தான் அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, பெரம்பலூரில் உன் சித்தப்பா மகன் செந்தில்குமார் வீட்டுக்கு நான் தனியாகப் போனேன். அவன் மகள் ஜெயசுதாவுக்குப் பதின்மூன்றாவது பிறந்தநாள். கேக் வெட்டுவதற்கு முன் அவளுக்கு ஓர் இடத்துக்குப் போக வேண்டுமாம். டிவியில் துப்பறியும் தில்லைநாயகம் என்று ஒரு தொடர் வருகிறது, அதைப் பார்த்து துறையூர் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் தில்லைநாயகம் ஆபீஸ் என்று ஒரு விளையாட்டு அறை வைத்திருக்கிறார்கள். உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள், அறையில் இருக்கிற தடயங்களைப் பார்த்து அறுபது நிமிடத்துக்குள் பூட்டுகளைத் திறந்து வெளியே வர வேண்டும். நீங்க பேப்பர்ல இருந்தவருதானே தாத்தா, எங்க டீமுக்கு வாங்க, சும்மா நின்னாக்கூடப் போதும் என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவளும் தோழிகள் இருவரும் நானும் போனோம். ஒரு மேசை, சுழற்றுகிற பழைய டெலிபோன், தட்டச்சு இயந்திரம், நாலு எண் பூட்டுப் போட்ட இரும்பு பீரோ, மங்கலான பல்பு. ஒரு சுவர் முழுக்கப் பழைய செய்தித்தாள்கள் ஒட்டி, அவற்றின் மேல் சிவப்பு நூல் இழுத்துக் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் மேசைக்கு அடியில் புகுந்து சாவி எங்க இருக்கு, சாவி எங்க இருக்கு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஜெயசுதா சுவர்ப் பக்கம் போய், தாத்தா இதுதான் க்ளூ, பாருங்க நீலக் கலர்ல கட்டம் போட்டிருக்கு என்றாள்.

நான் நிருபராக இருந்த முப்பத்தெட்டு வருடமும், வெளியான என் செய்திகளை நீலப் பென்சிலால் கட்டம் கட்டி மாதக் கடைசியில் அலுவலகத்துக்கு அனுப்புவது வழக்கம், அனுப்பியது போக ஒரு பிரதி பரணில் கிடக்கும். சின்ன வயதில் நீ அந்தப் பென்சிலைக் கடித்து அடி வாங்கியிருக்கிறாய். 2019 ஜூன் முப்பதாம் தேதி தாளில் காணவில்லை என்று தம்பியின் படத்தோடு விளம்பரம் வந்தபோது, என் கை பழக்கத்தில் அதற்கும் கட்டம் கட்டிவிட்டது. போன வருடம் டிசம்பரில் வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தேன். அம்மா, ஒரு தடவை பிரிச்சுப் பாத்துட்டுப் போடுங்க என்றாள். பார்க்கிறதுக்கு என்ன இருக்கிறது என்று மூட்டையோடு அரியலூர் பழைய பேப்பர் கடையில் போட்டேன். அந்தத் தாள்தான் என் எதிரே ஒட்டியிருந்தது. படம் மங்கிப் போயிருந்தது, தம்பி போனபோது ஜெயசுதாவுக்கு ஆறு வயது, அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கீழே அம்மாவின் போன் எண். எப்போதும் வீட்டிலேயே இருப்பவள் என்று நான்தான் அவள் எண்ணைக் கொடுத்தேன். எண்ணைச் சுற்றிப் பலர் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள். ஜெயசுதா கடைசி நாலு எண்ணைப் பூட்டில் வைத்துப் பார்த்தாள், திறக்கவில்லை. அப்போ போன் பண்ணணும், யாராவது காணாமப் போனா தில்லைநாயகம் மொதல்ல அவங்க வூட்டுக்குத்தான் போன் பண்ணுவாரு என்று அவளுடைய அப்பா கொடுத்திருந்த போனை எடுத்தாள். நான் அந்தப் பிள்ளையின் கையை அழுத்திப் பிடித்துவிட்டேன். வலிக்குது தாத்தா என்ற பிறகுதான் விட்டேன்.

நேரம் முடிந்து கதவைத் திறந்தவன் அந்த இடத்தின் சொந்தக்காரன் சஃப்வான், லப்பைக்குடிக்காட்டுப் பையன், துபாயில் இருந்துவிட்டு வந்தவன். வார நாட்களில் கீழே ஜெராக்ஸ், ஞாயிறு மட்டும் இது, பிப்ரவரியில் தொடங்கினானாம். பிள்ளைகளைக் கீழே அனுப்பிவிட்டு அந்தத் தாளைப் பற்றிக் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, அது பெரிய தொல்லை சார், அரியலூர்ல ஒரு மூட்டை பழைய பேப்பர் வாங்கியாந்து சும்மா அழகுக்கு ஒட்டுனது, அந்தக் கட்டத்தப் பாத்துட்டு வர்றவங்கெல்லாம் க்ளூன்னு நெனைச்சுக்கறாங்க, போனை அணைச்சு வைங்கன்னா எவன் கேக்குறான், அந்த நம்பருக்கு அடிச்சா ஒரு அம்மா எடுத்து தமிழா சாப்ட்டியாப்பான்னு கேக்குதாம், பயந்து போயி வெச்சுடறாங்க, ஒருத்தன் மட்டும் அதுவும் கேம்தான்னு நெனைச்சு சாவி எங்கன்னு கேட்டுருக்கான் என்றான். அந்த அம்மா யார் என்று நான் சொன்னேன். அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், எனக்கு வாப்பா இல்ல சார், இருந்தா உங்க வயசு இருக்கும், தெரியாமப் பண்ணிட்டேன் என்றான். பிளேடை எடுத்துச் சுரண்டத் தொடங்கினான். பசை இறுகிவிட்டதால் தாள் முழுசாக வரவில்லை, நார் நாராகத்தான் வந்தது. முகம் இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூட்டையைக் கொடுத்தவன் நான், கட்டம் கட்டியவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே, ஏங்க, இன்னைக்கு மூணு பத்துக்கு வந்துச்சு, பேசல, மூச்சு மட்டும் கேட்டுச்சு என்றாள். எங்களுக்கு முன்பு மூன்று மணிக்கு ஒரு கல்லூரிக் கூட்டம் விளையாடிவிட்டுப் போனதாகச் சஃப்வான் சொல்லியிருந்தான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் நோட்டை எடுத்து வந்து எழுதத் தொடங்கிவிட்டாள், மூடிக்கொண்டேன். அதுதான் கடைசி அழைப்பு. அதற்குப் பின் ஐந்து ஞாயிறு போன் அடிக்கவில்லை. முதல் வாரம் தீபாவளிக் கூட்டத்தில் நேரம் கிடைத்திருக்காது என்றாள். இரண்டாம் வாரம் போனைக் கடைக்கு எடுத்துப்போய்ச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். மூன்றாம் வாரம் அவனுக்கு ஏதோ ஆயிடுச்சுங்க என்றாள். அதன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறானால் சாப்பிடுவதில்லை, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இத்தனை வருடத்தில் அவன் இல்லை என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை மணிமொழி, இப்போது நினைக்கத் தொடங்கியிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் அவன் செத்துவிட்டான் என்ற பயம் போகும், ஆனால் அவன் கூப்பிடவே இல்லை என்பது வரும். எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை எழுதாமல் விட்டுப் பழகியவன், இதை எழுதுகிறேன்.

இந்த ஞாயிறு, இருபத்து மூன்றாம் தேதி, உன் சித்தப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு தா.பழூருக்குப் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில் என் போனில் சார்ஜ் இல்லை என்று கடைக்காரரிடம் அவர் போனை வாங்கினேன். மணி நாலு இருபது. போன் ஒரு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள். தமிழா என்றாள். நான் பேசவில்லை. மழை பெய்யுதுப்பா, நனையாத, சாவி எப்பவும் தொங்குற ஆணியிலதான் இருக்கு, கதவும் பூட்டல என்றாள். வைத்துவிட வேண்டும் என்று விரலைக் கொண்டுபோனேன். அப்பா இப்ப முன்ன மாதிரி இல்லப்பா, கோவமெல்லாம் போயிடுச்சு, ஒன்னும் சொல்ல மாட்டாரு, வந்துடு என்றாள். வைத்துவிட்டேன். கடைக்காரர், லைன் கெடைக்கலீங்களா பெரியவரே என்றார். கிடைக்கவில்லை என்றேன். நான் திரும்பி வந்தபோது அடை வார்த்து வைத்திருந்தாள், அவளும் இரண்டு சாப்பிட்டாள். நோட்டில் நாற்பத்திரண்டு என்று போட்டு, நாலு இருபது, மழைச் சத்தம், அழுத மாதிரி இருந்தது என்று எழுதியிருந்தாள். நான் அழுதது எனக்குத் தெரியாது.

இது சரியா என்று நீ எனக்கு எழுத வேண்டாம், எந்தப் பதில் வந்தாலும் என்னால் தாங்க முடியாது. நீ இரவுப் பணிக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே. குழந்தைக்குத் தமிழ் எழுத்துப் பழக்கு, மாப்பிள்ளையிடம் கோபத்தை உடனே சொல்லித் தீர்த்துவிடு, மூன்று நாள் வைத்திராதே. உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க எங்கள் ஆசி என்றும் உண்டு. மறந்துவிடாதே, வருகிற ஞாயிறும் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை அம்மாவைக் கூப்பிடாதே. லைன் காலியாக இருக்கட்டும்.

உன் அப்பா,
அழகேசன்.