அப்பா மடக்கிய சீட்டுகள்

மார்ச் 3, ஞாயிறு

இன்று நான் சொல்லாதது: "அப்பா, நீங்க மடக்கினது ஃப்ளஷ்."

அண்ணி வந்த பிறகு ஞாயிறு மாலைச் சீட்டாட்டம் வீட்டில் மறுபடி தொடங்கியிருக்கிறது. போக்கர்தான். ஆளுக்கு ஐந்து சீட்டு, பிடிக்காததை ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். பந்தயத்துக்கு அம்மாவின் தையல் டப்பாவில் மிஞ்சிய பொத்தான்கள். அண்ணி என்னைவிட ஒரு வயது இளையவள், இருந்தாலும் அண்ணி. சீட்டைக் கையால் தொட்டதே இல்லையாம். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஒன்றும் சேராவிட்டால் இருப்பதில் பெரிய சீட்டுதான் கணக்கு. ஒரு ஜோடி அதைவிடப் பெரிது. இரண்டு ஜோடி அதையும்விட. இந்த இடத்திலேயே அண்ணி சண்டைக்கு வந்துவிட்டாள். அவளிடம் இரண்டு ராஜா. அண்ணனிடம் இரண்டு மூன்று, இரண்டு நான்கு.

"ரெண்டு ராஜா வச்சிருக்கேன். இந்த நாலு பொடிப்பசங்க கிட்ட நான் தோக்கணுமா?"

"ராஜாவா இருந்தாலும் ஆள் பலம் வேணும்ல," என்று அண்ணன் பொத்தான்களை வாரிக்கொண்டான்.

அடுத்த ஆட்டத்தில் அவளுக்கு ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று வரிசையாக விழுந்தது. ஸ்ட்ரெய்ட். அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. அண்ணன் மூன்று பத்தைக் காட்டித் தோற்றான். அப்பா முன்பே ஆட்டத்திலிருந்து விலகி, சீட்டை மடக்கிக் கவிழ்த்து நடுவில் தள்ளியிருந்தார். "இதைவிடப் பெருசு உண்டா மாமா?" என்று அண்ணி கேட்டாள். அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஃப்ளஷ். அஞ்சும் ஒரே இனமா வரணும். வந்திருந்தா உன்னைச் சாப்பிட்டிருக்கும்."

குலுக்குவது நான். சீட்டைச் சேர்த்துத் தட்டும்போது அப்பாவின் ஐந்தும் விளிம்பில் விரிந்தன. இரண்டு, ஆறு, எட்டு, ஒன்பது, ராஜா. ஐந்தும் ஹார்ட்டின்.

மடக்கிய சீட்டைப் பார்க்கக் கூடாது, கேட்கவும் கூடாது. அப்பா போட்ட சட்டம் அது. நான் குலுக்கினேன்.

மார்ச் 5, செவ்வாய்

அச்சகத்தில் ஒரே பக்கத்தை மூன்று முறை திருத்தினேன். நான்காம் முறையும் ஒரு பிழை கிடைத்தது. மனம் அங்கே இல்லை.

ஃப்ளஷ் பெரிது என்று அப்பாவுக்குத் தெரியும். ஒன்றைக் கையிலிருந்து தூக்கிப் போட்ட கையோடு, அதைப் பற்றித்தான் அண்ணிக்கு விளக்கினார். அப்படியானால் என்ன? தன்னிடம் இருந்ததையே மறந்துவிட்டாரா? மறதி நோயைப் பற்றி நான் படித்ததெல்லாம் இப்போது எனக்கு எதிராகத் திரும்புகிறது. ஒவ்வொரு பத்தியிலும் அப்பா உட்கார்ந்திருக்கிறார்.

கட்டுமானத் தளத்தில், உச்சியில் ஏறி உட்கார்ந்து அவர் ஓட்டுவது டவர் கிரேன். கீழே நின்று சுமையைக் கொக்கியில் மாட்டி, "தூக்கு", "இறக்கு" என்று சொல்பவன் என் அண்ணன்.

எழுதிவிட்டேன். எழுதாமலிருந்திருக்கலாம்.

மார்ச் 6, புதன்

அண்ணிக்காக! வேறென்ன? புது மருமகள் ஜெயிக்கட்டும், இந்த வீட்டில் அவளுக்குக் கூச்சம் போகட்டும் என்று வேண்டுமென்றே மடக்கியிருக்கிறார். அப்பா செய்யக்கூடியதுதான். எனக்கு ஏன் இது முதலிலேயே தோன்றவில்லை? இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். இன்று மூன்றே பேர். விட்டுக்கொடுக்க வேண்டிய ஆள் யாரும் இல்லை.

அப்பா மூன்று எட்டை மடக்கினார். பிறகு ஒரு ஸ்ட்ரெய்ட்டை மடக்கினார். நான் பார்த்தேன். வேண்டுமென்றேதான் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும்.

மடக்காத ஆட்டங்களும் இருந்தன. ஒரு முறை இரண்டு ஏஸ், ஒரு முறை இரண்டு பத்து. பந்தயத்தைத் துணிந்து ஏற்றினார், அண்ணனைக் கேலி செய்தார், ஜெயித்தார். பழைய அப்பா. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஏஸ் என்றால் நடுவில் ஒற்றைப் பெரிய பூ. பத்து என்றால் மூலையில் இரண்டு இலக்கம். தூரத்திலிருந்தே தெரியும். ஆறும் எட்டும் ஒன்பதும் அப்படி இல்லை. சிவப்பான ஹார்ட்டினும் டைமண்டும் அப்படி இல்லை. எது குழம்புமோ அதையெல்லாம் மடக்கிவிடுகிறார். தப்பாகக் காட்டினால் நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். மடக்கினால் யாரும் கேட்க முடியாது.

மறதி இல்லை. கண்.

ஆட்டம் முடிந்ததும் அம்மாவின் மாத்திரை அட்டையை நீட்டி, "இதுல தேதி என்னப்பா போட்டிருக்கு?" என்றேன். கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "கண்ணாடியை உள்ள வச்சிட்டேன்மா. நீயே பாரு."

கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது.

மார்ச் 11, திங்கள்

கண் சரியில்லை என்று தெரிந்தேதான் கிரேனில் ஏறுகிறார். காலையில் டிபன் டப்பாவோடு படியிறங்கிப் போனார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13, புதன்

அண்ணனிடம் சொன்னேன். பேருந்து நிறுத்தத்தில், அண்ணி கூட இல்லாத நேரம் பார்த்து. சீட்டைப் பற்றி முதலில் சொன்னதுதான் தப்பு. சிரித்துவிட்டான். மடக்கின சீட்டை எடுத்துப் பார்த்தாயா, அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரிப்பார் என்றான். பிறகு நான் அழுவதைப் பார்த்துக் கோபம் வந்தது.

"கண் டெஸ்ட் பாஸ் பண்ணித்தானே மேல உக்காந்திருக்கார்?"

"அது போன வருஷம்."

"கீழ நிக்கிறவன் நான். எனக்குத் தெரியாதா? உனக்கு வந்து தெரியுமா?"

அவனுக்கே தெரியும் போலிருக்கிறது. ஏனென்றால் பேருந்து வரும்வரை அவனே பேசினான், என்னைப் பார்க்காமல். வழக்கமாக வாக்கிடாக்கியில்தான் சொல்கிறான், அப்பா அவன் குரலைக் கேட்டு ஓட்டுகிறார். போன வாரம் அதில் பேட்டரி தீர்ந்துவிட்டது. கையைத் தூக்கி "நிறுத்து" என்று காட்டினான். கம்பிக்கட்டு நிற்காமல் இறங்கிக்கொண்டே வந்தது. வெல்டர் ஒருவர் துள்ளி விலகினார். அன்று முகத்துக்கு நேரே வெயில் அடித்ததாம். அதனால்தானாம்.

"வெயில்தான்," என்று இரண்டாம் முறை சொன்னான்.

அவனுக்கும் என்னைப் போலவே பயம். என்னால் எழுதிவைக்க முடிகிறது, அவனால் அது முடியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மார்ச் 16, சனி

திங்கட்கிழமை பெரிய இரும்பு உத்தரங்களை ஏற்றப் போகிறார்களாம். சாப்பிடும்போது அப்பா உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் தட்டைப் பார்த்தபடியே இருந்தான். அண்ணி மட்டும் நிஜமான ஆர்வத்தோடு எவ்வளவு நீளம், எவ்வளவு கனம் என்று கேட்டாள்.

மதியம் அம்மா ஊசியை என்னிடம் நீட்டி நூல் கோத்துத் தரச் சொன்னாள். அது அப்பாவின் வேலை ஆயிற்றே என்றேன். "உங்கப்பா பெரிய மனுஷனாயிட்டார். கேட்டா, அப்புறம் அப்புறம்ங்கறார்," என்றாள். வெறும் சலிப்பு, அதற்குமேல் ஒன்றும் இல்லை. அம்மாவுக்குத் தெரியாது.

வேலைத்தள மேலாளரின் எண்ணை அண்ணனின் கைபேசியிலிருந்து எடுத்துவைத்திருந்தேன். அழுத்தினேன். மணி அடித்தது. வெட்டிவிட்டேன். அப்பாவை ஊராரிடம் காட்டிக்கொடுப்பதா? காட்டிக்கொடுக்காவிட்டால்? அந்த உத்தரத்தின் அடியில் நிற்கப் போவது யார்? அண்ணன். அண்ணனும் இன்னும் பத்துப் பேரும். படிக்கிற புத்தகத்தில் ஈர விரல் தடம் பதிகிறது.

சொல்வதானால் வீட்டுக்குள் சொல்ல வேண்டும். நாளைக்குள்.

மார்ச் 17, ஞாயிறு

செய்துவிட்டேன். கோணல் மாணலாக எழுதுகிறேன்.

முதல் நான்கு ஆட்டங்கள் ஒன்றும் செய்யவில்லை. தைரியம் இல்லை. அண்ணி இன்று நன்றாக ஆடினாள். அவளுக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கொரு ஒன்பது ஜோடி வந்தது. ஜோடி சமமானால் மிச்சச் சீட்டில் பெரியது யாரிடமோ அவருக்கே ஜெயம் என்பதை நான் சொல்லாமலே நினைவுவைத்திருந்து, தன் ராணியை அவன் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினாள். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். இந்தச் சிரிப்பை நான் நிறுத்த வேண்டுமா என்று இருந்தது.

ஐந்தாவது ஆட்டம். அப்பா சீட்டை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார், கொஞ்சம் சாய்த்தார், ஓரக்கண்ணால் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு கவிழ்த்து நடுவில் வைத்தார். "நான் இல்லப்பா."

நான் கையை நீட்டி அந்த ஐந்தையும் திருப்பிப் போட்டேன்.

மூன்று ஆறு, இரண்டு ஒன்பது.

அண்ணிக்குத்தான் ஒன்றும் தெரியாதே. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முந்திக்கொண்டாள்: "மூணும் ஒரு ஜோடியும்! ஃபுல் ஹவுஸ் மாமா, இது ஃப்ளஷைவிடப் பெருசு. இதையா மடக்கினீங்க?" சொல்லி முடிப்பதற்குள் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டாள்.

"மடக்கின சீட்டைத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்," என்றார் அப்பா. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உங்களுக்கு எது ஆறு, எது ஒன்பதுன்னு தெரியலப்பா. எனக்குத் தெரியும். ஒரு வாரமாத் தெரியும்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "நாளைக்கு மேல ஏறாதீங்க. அண்ணன் அடியில நிப்பான்பா."

அவர் ஒரு சீட்டை எடுத்தார். தூரத்தில் பிடித்தார், அருகில் பிடித்தார், கீழே வைத்தார். அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்தியிருந்தாள்.

"நடுவுல ஒரு பொட்டு மாதிரி மறைக்குது," என்றார். எங்களிடம் இல்லை, மேசையிடம் சொன்னதுபோல. "மேல இருந்து பாக்கறதெல்லாம் பெருசு பெருசாத்தானே இருக்கு. பையன் குரல் இருக்கு. அது போதும்னு நெனச்சேன்."

அண்ணன் தன் சீட்டுகளைக் கீழே வைத்தான். "போன வாரம் நான் நிறுத்துன்னு கை காட்டினேன்ப்பா. நீங்க நிறுத்தல."

அப்பா அவனைப் பார்த்தார். அவனைப் பார்க்க முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருந்தது. அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

பிறகு எழுந்தார். என்னைக் கடக்கும்போது, "உன்னை நான் அப்படி வளர்க்கல," என்றார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எப்படி வளர்க்கவில்லை? எட்டிப் பார்க்கவா? பார்த்ததைச் சொல்லவா? நான் சரியாகத்தான் செய்தேன்... செய்தேனா? காலையில் அவர் பாட்டுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால்? வாசலில் குறுக்கே படுப்பேனா நான்? பயமா இருக்கு. ரொம்ப பயமா இருக்கு.

மார்ச் 18, திங்கள்

விடிந்தும் விடியாமலும் அவர் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே அவர் பேசுவது கேட்டது. மேலாளரிடம்.

"கண்ணு சரியில்ல சார். ஏற மாட்டேன். இல்ல, இன்னைக்கு மட்டும் இல்ல."

அண்ணன் தனியாக வேலைக்குப் போனான்.

மார்ச் 22, வெள்ளி

கண் மருத்துவர் ஒரு மணி நேரத்துக்குமேல் பார்த்தார். சர்க்கரை. வருடக்கணக்காக இருந்திருக்கிறது, யாரும் ரத்தத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணின் பின்பக்கத்தில், நடுவில், நீர் கோத்திருக்கிறது. வலக்கண்ணில் போனது திரும்பாதாம். இடக்கண்ணை ஊசி போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாமாம். இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாமே என்று மருத்துவர் என்னைப் பார்த்துக் கேட்டார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் என்னிடம் பேசி ஐந்து நாளாகிறது.

மார்ச் 31, ஞாயிறு

யாரும் சீட்டை எடுக்கவில்லை. அண்ணி சமையலறையில் என் தோளைத் தொட்டு, தான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்றாள். இல்லை அண்ணி, நீங்கள் சொன்னது சரியான கணக்கு என்றேன். இருவரும் பாத்திரம் துடைத்தோம்.

ஏப்ரல் 19, வெள்ளி

முதல் ஊசி. கண்ணுக்குள்ளேயே போடுகிறார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். நின்றேன். எதையும் படிக்க முடியவில்லை.

ஜூன் 7, வெள்ளி

கிரேனுக்குப் புது ஆள் வந்து இரண்டு மாதமாகிறது. உத்தரங்களெல்லாம் ஏறிவிட்டன, யாருக்கும் அடியில்லை. அப்பாவுக்கு அதே தளத்தில் கருவிக்கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை தருவதாகச் சொன்னார்கள். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. வலக்கண் போனது போனதுதான். இடக்கண்ணில் பொட்டு சிறுத்திருக்கிறது என்று இன்று மருத்துவர் சொன்னார்.

அம்மாவோடும் அண்ணனோடும் அண்ணியோடும் பேசுகிறார். என்னோடு பேசுவதில்லை. ஆனால் மருத்துவமனைக்கு யார் கூட வருவது என்று அம்மா கேட்டால், என் பக்கம் கையைக் காட்டுகிறார். தெருவில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். மேடு வந்தால் மேடு என்கிறேன், பள்ளம் வந்தால் பள்ளம் என்கிறேன். அவர் காலை எடுத்து வைக்கிறார்.