அறுபத்தொரு கல்லும் மகளின் மெக்கும்

ஒக்டோபர் 3, வெள்ளி

தென்மேற்குக் கச்சான் காற்று அடங்கவில்லை. போட் கரையில். ஜும்ஆவுக்குப் பிறகு ஜி.பி.எஸ்.ஸைத் துடைத்துப் பார்த்தேன். திரை பாதி கறுப்பு. இலக்கங்களின் பின்பாதி தெரியவில்லை. கடலுக்கடியில் மீன் தங்கும் கல் அறுபத்தொன்றும் அதற்குள்தான். கொப்பியில் எழுதவில்லை, எவனாவது பார்ப்பான் என்று. அது செத்தால் நான் கடலில் குருடன். கணினிக்கு இறக்கியே ஆக வேண்டும். இறக்குகிற புரோகிராம் விண்டோஸில் மட்டும் ஓடும். பழைய கணினியை உப்புக்காற்று தின்றுவிட்டது.

மகள் கட்டாரிலிருந்து போன்.

"வாப்பா, என்ட மெக்கை, அந்த அப்பிள் லெப்டொப்பை, ஒராள்கிட்ட குடுத்து அனுப்பியிருக்கன்."

"விண்டோஸ் ஓடுமா மகள்?"

"அதுக்குள்ளயே விண்டோஸ் போடலாம்."

"வீட்டுக்குள்ள இன்னொரு வீடா? வாடகை யார் கட்டுற?"

போனை உம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

6, திங்கள்

மெக் வந்தது. ஓலைப்பாய் மாதிரி மெல்லிசு. சுபைதா அதில் பேரப்பிள்ளைகளைப் பார்த்தாள். பல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. "இது போதும், வேற ஒண்டும் வாங்க வேணாம்" என்றாள். மனைவிக்குப் போதும். எனக்குப் போதாது.

வாங்க: கறி மிளகாய், பாண், மண்ணெண்ணெய்.

7, செவ்வாய்

எங்கள் எத்தாளையிலிருந்து தில்லையடிக்கு. பஸ்ஸில் நின்றே போனேன். ரியாஸின் கணினிக் கடை. மெக்குக்குள் விண்டோஸ் போட்டான். புரோகிராம் திறந்தது! ஜி.பி.எஸ். கேபிளை மாட்டினான். கண்டுகொள்ளவே இல்லை.

"ஜி.பி.எஸ்.ஸையும் வெச்சிட்டுப் போங்க மாமா. ரெண்டு நாள்ல பாத்துத் தாறன்."

அவன் நானாவுக்கு, அதாவது அண்ணனுக்கு, இரண்டு போட்; என் கல்லெல்லாம் அவரிடம் போய்விடும். எனக்கென்ன பைத்தியமா? மெக்கை மட்டும் வைத்துவிட்டு வந்தேன்.

8, புதன்

பக்கத்து போட் அந்தோணியிடம் அதே இனத்து ஜி.பி.எஸ். இரவல். ரியாஸைச் சோதிக்க அதில் பொய்யாக நாலு இடம் பதிந்தேன். மூன்று வெறும் சேறு. நாலாவது, ரியாஸின் கடை வாசலில் நின்றே பதிந்தது. பெயர்: ராஜா கல்லு. நல்ல பிள்ளை முகத்தோடு உள்ளே போய்க் கொடுத்தேன்.

முழங்கால் வலி. பஸ்தான் காரணம்.

11, சனி

தூறல். கடைக்குள் கால் வைக்கவில்லை, ரியாஸ் தொடங்கிவிட்டான்.

"மாமா, ராஜா கல்லுல ஒரு பூனைதான் படுத்திருக்கு."

"அப்ப பாத்திட்டாய்!"

"பாக்காம கேபிள் வேல செய்யுதா எண்டு எப்படித் தெரியும்? மத்த மூணும் சேறு எண்டு நானா சொன்னாரு."

பிறகு நேர்மையாகவே பேசினான். மெக்குக்குள் எத்தனை விண்டோஸ் போட்டாலும் இந்தப் பழைய கேபிள் சரிவராதாம். அவனுடைய பாவித்த விண்டோஸ் லெப்டொப்பில் வந்ததாம். "இதக் கொண்டு போய் நீங்களே இறக்குங்க. நான் பாக்க மாட்டன்."

தூக்கிப் பார்த்தேன். நங்கூரம் தோற்றது. விலைக்கே எடுத்துவிட்டேன்.

சுபைதா: "ஒரு வீட்டில ரெண்டா?"

"ஒண்டு பேரனுக்கு, ஒண்டு மீனுக்கு."

12, ஞாயிறு

கேபிள் மாட்டியாயிற்று. திரையில் இரண்டு அம்புக்குறி. பக்கத்தில் இங்கிலீஷ். நான் ஏழாம் வகுப்போடு விட்டவன். ஒன்று கல்லையெல்லாம் கணினிக்குக் கொண்டுவரும். மற்றது கணினியின் வெறும் பட்டியலை ஜி.பி.எஸ்.ஸுக்குள் போட்டு எல்லாவற்றையும் அழித்துவிடும். எது எது? மகள் வேலையில், போன் எடுக்கவில்லை. சுபைதா கிட்டவே வரவில்லை.

ரியாஸுக்குப் போன் எடுத்தேன்.

"பிழையா அமத்தினா அவ்வளவும் போயிரும் மாமா. என்ட சொல்ல நம்புவீங்களா?"

"நம்பாம?"

"என்ட கட வாசல்லயே என்னை மீன் பிடிக்க அனுப்பின ஆள் நீங்க!"

அவன் சிரிக்கிறான். எனக்குக் கட்டிய சாரம் வரை வியர்வை.

"சொல்லித் தொலையன்டா!"

"இடப்பக்கம்."

பிஸ்மி சொல்லி அமத்தினேன். ஒன்று. இரண்டு. பன்னிரண்டில் நின்றது. என் நெஞ்சும். பிறகு ஓடியது. அறுபத்தொன்று. இரண்டு தரம் எண்ணினேன்.

போனிலேயே அவனுக்கு ஓர் இடம் சொன்னேன். உண்மையான இடம், விளைமீன் கல். இலக்கம் இலக்கமாக.

"எழுதிட்டியாடா?"

"ஓம் மாமா, ஓம் ஓம்."

எழுதவில்லை. இதுவும் ராஜா கல்லு என்று நினைக்கிறான், குரலிலேயே தெரிகிறது. நாளைக்கு மறுபடி எடுத்துச் சொல்ல வேண்டும்.