இலவச டப்பாவுக்கு என்ன விலை?

இன்று காலை கடைக்குச் சரக்கு வந்தது. அட்டைப்பெட்டியின் டேப்பைக் கிழித்ததுமே அந்த எலுமிச்சை வாசனை மூக்கில் ஏறி, அடுத்தடுத்து நான்கு தும்மல் போட்டேன். உள்ளே சோப்புத்தூள் பாக்கெட்டுகள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு நீல பிளாஸ்டிக் டப்பா கட்டியிருந்தது. அதன் மேல் சிவப்பு எழுத்தில் 'இலவசம்'. பூந்தமல்லியில் இந்தச் சூப்பர் மார்க்கெட்டில் பில் போட வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆனாலும் அந்த ஸ்டிக்கரைப் பார்த்ததும் என் கட்டைவிரல் தானாக அதை அழுத்தித் தேய்த்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில், இந்தச் சோப்புத்தூள் கம்பெனியின் பேக்கிங் லைனில் நீயும் நானும் எதிரெதிரே நின்று இதைத்தானே நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தோம்.

நீ இருந்திருந்தால் முதலில் பாக்கெட்டைத் திருப்பி எடையைப் பார்த்திருப்பாய். பஸ்ஸில் ஏறியதும் சிலர் ஜன்னல் சீட்டைத் தேடுவதுபோல நீ கிராமைத் தேடுவாய். நாம் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பாக்கெட் முழுசாக ஒரு கிலோ. பிறகு தொள்ளாயிரம் கிராம் ஆனது. அப்புறம் எண்ணூற்றைம்பது. விலை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. "பாக்கெட் டயட்ல கீதுடி. நம்மதான் ஊதிகினே போறோம்" என்றாய். டப்பா வந்தது அதற்குப் பிறகுதான். அதைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாய். "நூத்தம்பது கிராம் தூள எடுத்துக்கினு, மிச்சத்த போட்டு வைக்க டப்பா குடுக்கறான் பாரு. திருடன் ஊட்ட காலி பண்ணிட்டு, போறப்போ பூட்டு வாங்கிக் குடுத்த மாதிரி."

சாப்பாட்டு நேரத்தில் நீ நடத்திய வழக்குகளுக்குக் கணக்கில்லை. ஆவடி ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் இருபது ரூபாய் என்று அச்சடித்த கூல் டிரிங்க்ஸ் பாட்டிலுக்கு இருபத்திரண்டு கேட்டார்கள். ஃப்ரிட்ஜில் வைத்ததற்கு இரண்டு ரூபாயாம். "அப்போ சூடா கீறத குடு" என்று வெயில் பட்ட கிரேட்டிலிருந்து ஒன்றை உருவினாய். மே மாதம். கொதித்துக் கிடந்த அந்தக் கலர் தண்ணீரை, கடைக்காரர் முகத்தைப் பார்த்தபடியே ஒரு சொட்டு விடாமல் குடித்தாய். ரயில் ஏறி அடுத்த ஸ்டேஷனிலேயே வாந்தி. வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாய்: "இருந்தாலும் ஜெயிச்சிட்டேன்ல?"

பருத்திப்பட்டில் உன் தெருவுக்கு வரும் காய்கறி வண்டி அக்காவிடம் மட்டும் நீ பேரம் பேசி நான் பார்த்ததில்லை. அவர் காயை நிறுத்துப் போட்டுவிட்டு, யாரும் கேட்காமலேயே ஒரு கொத்து கறிவேப்பிலையைப் பையில் திணிப்பார். "கொசுறு கேக்காம வரணும்டி. தம்பட்டம் அடிச்சிகினு வந்தா அது ஆஃபர்" என்பாய். அந்த அக்காவிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டும் பெண்களைப் பார்த்தால் உனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏசி கடையில போட்ட வெலய குடுத்துட்டு வர்றாளுங்க. குளிர்ல வாய் ஒறஞ்சி பூடுமா?" நீயும் ஒன்றும் உத்தமி இல்லை. கல்யாண மண்டபத்தில் தாம்பூலப் பையை இரண்டு தடவை வாங்குவாய். கேட்டால், "மொய் வச்சேன்ல" என்பாய்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்தைத்தான் நான் எழுத வேண்டும். மூடி விரிசல் விட்ட, வாய் உடைந்த டப்பாக்கள் நம் லைனின் மூலையில் குவிந்து கிடக்கும். வாரக் கடைசியில் காயலான் கடை வண்டி வந்து அள்ளிப்போகும். அதற்கு முன் ஆளுக்கொன்று எடுத்துப் போவது நம் வழக்கம். எல்லா சூப்பர்வைசருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. புதிதாக வந்தவர் கேட்டார். கேட்டில் நின்று ஒவ்வொரு பையாகத் திறந்தார். லைனில் எல்லோருக்கும் மூத்தவரான கஸ்தூரி அக்காவின் பையில் ஒரு டப்பா இருந்தது. விளிம்பில் விரல் நீளத்துக்கு விரிசல்.

"கம்பெனி பொருளத் திருடுறியா? அறுபது ரூபா கட்டு. திருடினேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லன்னா திங்கக்கிழமை வராத."

அக்கா சுருக்குப் பையை அவிழ்க்க ஆரம்பித்தார். பணம் பெரிதில்லை. அந்தக் கையெழுத்தைப் போட்டால், அந்த எஸ்டேட்டில் வேறெந்தக் கதவும் அவருக்குத் திறக்காது. நமக்குப் பின்னால் நாற்பது பெண்கள் நின்றார்கள். எல்லோரும் தங்கள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நீ வரிசையை விட்டு முன்னால் போனாய்.

"சார், ஒரு டவுட்டு. டப்பா இன்னா வெல சொன்னீங்க?"

"அறுபது."

"அறுபதா? காலைல இருந்து அதும் மேல இலவசம்னு ஒட்டிகினு கீறோமே. முன்னாடியே சொல்லியிருந்தா அறுபதுன்னு ஒட்டியிருப்போம்ல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், வரிசை முழுக்கப் பற்றிக்கொண்டது.

"வாய மூடு."

"மூட்றேன் சார். நீங்க இத மட்டும் சொல்லுங்க. அது இலவசம்னா அக்கா இன்னாத்த திருடிச்சி? அறுபது ரூபான்னா, பாக்கெட் வாங்குற ஜனத்துகிட்ட பொய் சொல்றது யாரு?"

சத்தம் கேட்டு மேலே இருந்து மேனேஜர் இறங்கி வந்தார். டப்பாவை வாங்கி விரிசலைத் தடவிப் பார்த்தார். "போகச் சொல்லுய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி ஏறினார். கஸ்தூரி அக்கா கையெழுத்துப் போடவில்லை. பஸ் ஸ்டாப் வரை நாம் சிரித்துக்கொண்டே போனோம்.

அடுத்த வாரம், நம்மை வேலைக்கு அனுப்பும் கான்ட்ராக்டரின் பட்டியலில் உன் பெயர் இல்லை. ஆர்டர் குறைந்துவிட்டதாம். அதே வாரம் எங்களை ஓவர்டைம் பார்க்கச் சொன்னார்கள். ஆர்டர் எவ்வளவு குறைந்திருந்தது என்று நீயே பார்த்துக்கொள்.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. உன் பெயரை எடுத்த அன்று அந்த சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். "அவ உன் ஃப்ரெண்டா?" என்றார். நான் சொன்னேன்: "பஸ்ல ஒண்ணா வருவோம், அவ்ளோதான் சார்."

யோசிக்கக்கூட இல்லை. மூன்று வருடம் உன் டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள், மூச்சு விடுவதற்குள் சொல்லிவிட்டேன். வாடகை, தம்பியின் ஃபீஸ் என்று நூறு காரணம் அப்புறம் தேடிக் கண்டுபிடித்தேன். சொன்ன நேரத்தில் ஒரு காரணமும் மனதில் இல்லை. வெறும் பயம்தான். நீயோ அந்த வாரமும் எனக்குப் போன் செய்து, "கஸ்தூரி அக்கா வந்துச்சா? யாரும் ஒண்ணும் சொல்லலையே?" என்று விசாரித்தாய்.

போன மழையில் உனக்கு டெங்கு வந்தது. இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ கண் இடுங்கிப்போய்க் கிடந்தாய். இருந்தும் உன் அம்மா கையிலிருந்த பில்லைப் பிடுங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். "ஒரே நாள்ல எட்டு ஜோடி கிளவுஸ் போட்டுகீறாங்கடி. நர்ஸம்மாவுக்கு பதினாறு கையா? எங்க தெரு அம்மனுக்கே எட்டுதான்." பக்கத்துப் படுக்கைக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். மூன்றாம் நாள் உன்னை வெள்ளைத் துணியில் சுற்றிப் பருத்திப்பட்டுக்கு ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். அதற்கும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தனி பில்.

இன்று மத்தியானம் நடந்ததைச் சொல்கிறேன். கை முழுக்கப் பெயிண்ட் காய்ந்த ஒருவர் இரண்டு எண்ணெய் பாக்கெட்டோடு என் கவுண்டருக்கு வந்தார். ரேக்கில் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று சீட்டு தொங்குகிறது. கம்ப்யூட்டர் இரண்டுக்கும் விலை போட்டது. எங்கள் மேனேஜர் வந்து, "ஆஃபர் போன வாரத்தோட முடிஞ்சிச்சுங்க, சீட்ட எடுக்க மறந்துட்டாங்க" என்றார். யாரும் மறக்கவில்லை. காலையில் அதை எடுக்கப்போன என்னிடம், "ஞாயித்துக்கிழமை வரைக்கும் தொங்கட்டும்" என்று சொன்னவரே அவர்தான்.

பெயிண்டர் அண்ணன், "பரவால்லம்மா, ஒண்ண எடுத்துடு" என்றார். ஏதோ அவர் தப்பு செய்ததுபோல, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில். எனக்கு அங்கேதான் பொறுக்கவில்லை. ஏமாற்றியவன் மைக் வைத்து விளம்பரம் செய்கிறான். ஏமாந்தவன் ஏன் காதோடு காதாகப் பேச வேண்டும்?

"மறக்கல அண்ணே. எடுக்க வேணாம்னு சொன்னாங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

வரிசையில் எல்லோரும் ரேக்கில் தொங்கிய சீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கூடையோடு நின்ற ஒரு அம்மா, "அப்போ நேத்து எனக்குப் போட்ட பில்லு?" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் பர்ஸில் பழைய பில்லைத் தேட ஆரம்பித்தார். மேனேஜர் அந்த இரண்டாவது பாக்கெட்டைத் தன் கையாலேயே பையில் போட்டுக் கொடுத்தார். என்னைப் பார்க்காமலேயே, "ஆறு மணிக்கு மாடி ரூமுக்கு வா" என்றார்.

இப்போது ஐந்தரை. ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, பில் ரோலின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. வாடகை அப்படியேதான் இருக்கிறது, தம்பி இன்னும் படிப்பை முடிக்கவில்லை. வேலை போனால் அடுத்த மாதம் என்ன செய்வேன் என்று தெரியாது. ஆனால் அந்தச் சத்தம் என் தொண்டையிலிருந்துதான் வந்தது, திரும்ப விழுங்க முடியாது.

மேலே போனதும் இந்தத் திமிரை யாரிடம் கற்றாய் என்று கேட்பார்கள். உன் பெயரை இனிஷியலோடு சொல்வேன். அவள் யார் என்று கேட்டால், என் ஃப்ரெண்டு என்பேன். கேட்காவிட்டாலும் சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்குவேன்.