எப்போதும் ‘சரி’ சொன்ன உன் ஒற்றை வரி

இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில் தோசைக்குக் காத்திருந்தபோது, மேசைமேல் கிடந்த நாளிதழில் உன் படம். கோட்டும் டையுமாகச் சிரிக்கிறாய். இரண்டாம் ஆண்டு நினைவஞ்சலியாம். ‘சொன்ன சொல் தவறாத மென்பொருள் முன்னோடி’ என்று போட்டிருக்கிறார்கள். உயிரோடு இருந்திருந்தால் அந்த வரியை நீயே எழுதிக் கொடுத்திருப்பாய்.

தொண்ணூறுகளின் கடைசியில், அதே தெருவில், பூக்கடைக்கு மேல்மாடியில் நாம் கூட்டாக நடத்திய அலுவலகம். கிள்ளானில் ஒரு கிளினிக்கின் இரத்தப் பரிசோதனைக்குக் கணினி நிரல் எழுதிக்கொண்டிருந்தோம். நிரலுக்குள் வரும் தகவல்களின் வகைகளை வரையறுப்பது என் வேலை. நோயாளி என்றால் பெயரும் அடையாள எண்ணும். இரத்த மாதிரி என்றால் எடுத்த நாளும், அது யாருடையது என்று காட்டும் எண்ணும். ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால், நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஏற்காது. அதற்கும் மேலே ஓர் இன்டர்ஃபேஸ் எழுதினேன். அது ஒரு வாக்குறுதிதான்: முடிவை வெளியே அனுப்பும் எந்தப் பகுதியிலும் ‘சரிபார்’ என்றொரு செயல் இருந்தாக வேண்டும். இரண்டு எண்களும் பொருந்துகின்றனவா என்று அது பார்க்க வேண்டும். அந்தச் செயலின் உள்ளே எழுதுவது உன் பங்கு.

வகை, வரையறை என்றாலே உனக்கு இளக்காரம். “பயந்தவங்களுக்குத்தான்லா இதெல்லாம்” என்பாய். உன் கைவேகம் எனக்கு என்றுமே வந்ததில்லை. அந்த வேகத்தில் நீ எதை விட்டுவிட்டுப் போனாய் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரே காலையில் இரண்டு பெருமாள்கள் இரத்தம் கொடுத்தார்கள். ஒருவர் பள்ளித் தோட்டக்காரர், மற்றவர் லோரி ஓட்டுநர். தோட்டக்காரரின் முடிவை ஓட்டுநருக்கும், ஓட்டுநருடையதைத் தோட்டக்காரருக்கும் உன் நிரல் பெயரை மட்டும் பார்த்து அனுப்பியது. சர்க்கரை நோயாளியான தோட்டக்காரர் தனக்கு ஒன்றுமில்லை என்ற சந்தோஷத்தில் லட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நோயே இல்லாத ஓட்டுநர் சர்க்கரை மாத்திரை விழுங்கினார். சில நாளில் லோரி ஓட்டும்போதே மயங்கினார். வண்டி சாக்கடையில் இறங்கி, அவருக்குக் கால் முறிந்தது.

நீ என்ன செய்தாய்? கிளினிக் டாக்டரிடம், அங்கே கவுண்டரில் வேலை பார்த்த லெட்சுமி அக்காவைக் கைகாட்டினாய். “உங்க கேர்ள்தான் டாக்டர், தப்பா கீ-இன் பண்ணிட்டாங்க.”

“லேபல்ல இருந்த நம்பரத்தான் அடிச்சேன் பாஸ்” என்று அக்கா டாக்டரிடம் அழுதார். வேலை போயிற்று.

அன்று மாலையே உன் பகுதியைத் திறந்து பார்த்தேன். முடிவைப் பெயரை வைத்தே தேடியிருந்தாய்; அதைத் தடுக்க வேண்டிய ‘சரிபார்’ செயலுக்குள் ஒரே வரி. யாரைக் கொடுத்தாலும், எதைக் கொடுத்தாலும், ‘சரி’ என்று பதில் அனுப்பு. செயல் இருக்கிறதா என்று மட்டும்தான் கம்பைலர் கேட்கும். அது யோக்கியமானதா என்று கேட்க அதற்குத் தெரியாது. அந்த இடைவெளியில் காலமெல்லாம் குடித்தனம் நடத்தியவன் நீ.

“என்ன இது?” என்றேன்.

“கம்பைல் ஆச்சா இல்லையா? அப்புறம் என்னம்மா டென்ஷன்? பின்னாடி எழுதிக்கலாம்லா.” நுரை பொங்க ஆற்றிய தேத்தாரிக் தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னாய்.

மறுநாள் தனியாகக் கிள்ளானுக்குப் போனேன். ஒரே பெயரில் இரண்டு பேரை டாக்டரையே தட்டச் சொன்னேன். திரை மறுபடியும் முடிவை மாற்றிக் காட்டியது. டாக்டர் உடனே லெட்சுமி அக்கா வீட்டுக்குப் போன் செய்து, மன்னிப்புக் கேட்டு, வேலைக்கு வரச் சொன்னார்.

“பார்ட்னரையே காட்டிக் கொடுத்திட்டியே” என்று கத்தினாய். கால் முறிந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றே உன்னை விட்டு வந்தேன். நீ பெரிய கட்டடத்துக்கு மாறினாய். மேடைகளில் தரத்தைப் பற்றிப் பேசினாய். கைதட்டினார்கள்.

உன் சாவுக்கு நான் வரவில்லை. வந்திருந்தாலும் அழுதிருக்க மாட்டேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். உண்மை தெரிந்த பிறகு ஆஸ்பத்திரியில் லோரிக்காரரைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டுப்போட்ட காலைக்கூடப் பார்க்காமல் அவர் என்னைக் கேட்டார்: “ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்கம்மா. எனக்குச் சக்கரை இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

“இல்லண்ணே. உங்களுக்கு ஒண்ணும் இல்ல” என்றேன்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவன் நீ. இத்தனை வருடமாக அதை நான் சுமக்கிறேன்.