ஒற்றை விசில்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா?

மியூசியத்திலிருந்து எங்களை மலைச்சரிவில் டைனோசர் எலும்பு தோண்ட அனுப்பியிருக்கிறார்கள். செவ்வாயன்று சின்ன விஷயம் ஒன்று நடந்தது, பயப்படாதீர்கள். தூக்கும்போது உடையாமலிருக்க டைனோசரின் தொடையெலும்புக்கு மாவுக்கட்டுப் போட, அதன் அடியில் குடைந்துகொண்டிருந்தேன். குழியின் சுவர் சரிந்து இடுப்புவரை மண் மூடிவிட்டது. கத்தினேன், காற்றில் யாருக்கும் கேட்கவில்லை. கட்டுக்கு மாவு கரைக்கிற அக்கா தற்செயலாக வாளியோடு வந்தாள். "எலும்பைத் தோண்டச் சொன்னா நீயே புதைஞ்சு கிடக்கிறியே!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே வாளியை வீசிவிட்டு இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும்தான்.

இந்த மாதம் முழுக்க அதே குழிதான். நீங்கள் கண்டக்டராக இருந்தபோது ஊதிய விசில் அலமாரியில் கிடக்குமே, அதை அனுப்புங்கள். இங்கேயும் கடையில் கிடைக்கும். ஆனால் உங்கள் ஒற்றை விசிலுக்கு ஓடுகிற பஸ்ஸே நிற்கும்.

அம்மா கேட்டால், மியூசியத்துக்கு வருகிற பிள்ளைகளை வரிசையில் நிறுத்த என்று சொல்லிவிடுங்கள்.

ஜீப் வந்துவிட்டது. பார்சல் கட்டும்முன் வாசலில் நின்று ஒருமுறை ஊதிப் பாருங்கள், அப்பா. தெருமுனையில் போகிறவர் திரும்பிப் பார்த்தால் போதும்.

உங்கள் மகள்