நம்பர் இல்லாத மல்லிமொக்கு

உன் கிராஃப் தாளில் மண் ஒட்டிவிட்டது. திட்டாதே. மேசைமேல் விரித்துவைத்து ஈரத்துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாச்சை உருண்டை நெடியோடு உன் சிவப்பு மையின் வாசனையும் கிளம்பி மூக்கில் ஏறுகிறது. சேலை டிசைன் தாளில் ஒரு சொட்டு டீ பட்டாலே தெருவைக் கூட்டுகிறவள் நீ. நீ போட்ட மயானத்துப் படத்தை அந்த மயானத்து மண்ணிலேயே விரித்துப் புரட்டினேன் என்று தெரிந்தால் என்ன பாட்டு பாடுவாய் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் முழுக்கதையையும் கேட்டுவிட்டுத் திட்டு. தப்பு என்மேல் பாதி, உன்மேல் பாதி.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. இந்தச் சுருளை ஏன் போட்டோம் என்று யோசித்தால் முதலில் சிரிப்புதான் வருகிறது. நம் தெருக்காரர்கள் எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். வசதி உள்ளவர்கள் சமாதி கட்டுவார்கள், மற்றவர்களுக்கு மண்மேடுதான். நாலு மழை பெய்தால் மேடு தரையாகிவிடும். அப்படித்தான் ஒரு வீட்டுக்குக் குழி வெட்டும்போது இன்னொரு வீட்டுப் பெரியவரின் எலும்பு வந்து, இரண்டு குடும்பமும் நடுத்தெருவில் நின்று கத்தியது. தறிச் சத்தமே கேட்கவில்லை. நீ உன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் திரும்பினாய்.

"இன்னாடி ரைட்டரு, ஆயிரம் இழைல ஒரு இழை அறுந்தா எதுன்னு கரெக்டா சொல்றோம். நம்ம ஜனம் எங்க படுத்துக்கினு இருக்குதுன்னு சொல்லத் தெரியல. வெக்கமா இல்ல நமக்கு?"

நெசவாளர் சங்கத்தில் முப்பது வருஷம் ரிஜிஸ்தர் எழுதியதால் உனக்கு நான் ரைட்டர். நீயோ ஜக்கார்டு தறிக்கு அட்டை குத்துவதற்கு முன்னால் டிசைனைக் கட்டம் கட்டமாகப் போட்டுத் தருகிறவள். எழுதத் தெரிந்தவளும் கட்டம் போடத் தெரிந்தவளும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தால் சும்மா இருக்க முடியுமா? ஆனால் ஒரு சிக்கல். பெண்பிள்ளைகள் சவத்தோடு தெருமுனை வரைக்கும்தான் போகலாம். மயானத்துக்குள் நாம் கால்வைக்கும் நாள் வருஷத்தில் ஒன்றுதான், மாசி அமாவாசையில் மயானக்கொள்ளை நடக்கும் நாள். அன்று ஊரே உள்ளே இருக்கும், அவரவர் சமாதியைச் சுத்தம் செய்து படையல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

"இதவிட இன்னாடி வேணும்? செத்தவங்க பக்கத்துல சொந்தக்காரங்கள சாமியே உக்கார வெச்சிருக்குது. நாம போய்க் கேட்டா போதும்" என்றாய்.

அப்படி மூன்று மாசி. அங்காளம்மன் ஊர்வலம் வந்து கொழுக்கட்டையும் காய்கறியும் வாரி இறைக்கும் கூட்டத்தில், நீ வாசலிலிருந்து ஒவ்வொரு சமாதிக்கும் தப்படி வைத்து எண்ணுவாய். நேரே இத்தனை, பக்கவாட்டில் இத்தனை. நான் நோட்டோடு பெயர் கேட்பேன். செத்துப்போன அப்பாவுக்குப் பீடி பற்றவைத்து மேட்டில் செருகிக்கொண்டிருந்த ஒருவரிடம், பக்கத்து மேடு யார் என்று கேட்டேன். "எங்க ஆயாமா" என்றார். ஆயாவின் பெயர்? "ஆயாவுக்கு ஏதுமா பேரு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். நீ தப்படி எண்ணுவதை விட்டுவிட்டு அவரை ஒரு பிடி பிடித்தாய். கடைசியில் அவர் போன் போட்டு அத்தையிடம் கேட்டுப் பெயர் சொன்ன பிறகுதான் விட்டாய்.

பக்கத்தில் இருக்கும் வேப்பமரத்தையாவது படத்தில் போடு என்றேன். மாட்டேன் என்றாய். "மரத்த நாளைக்கு வெட்டிடுவான். கல்ல எவனாவது புடுங்கிக்கினு பூடுவான். வாசலும் தப்படியும்தான் நிக்கும்." நீ சொன்னால் சொன்னதுதான். வீட்டில் உட்கார்ந்து, எண்ணிவைத்ததையெல்லாம் டிசைன் தாளுக்கு மாற்றினாய். ஒரு தப்படிக்கு ஒரு கட்டம், தாளின் கீழ்விளிம்பில் வாசல். நீ சிவப்புக் கட்டம் போடப்போட நான் அதற்குள் நம்பர் எழுதினேன், நம்பருக்கு நேரே பெயர் என் நோட்டில். கட்டம் உன்னுடையது, எழுத்து என்னுடையது. அந்த ஏற்பாடுதான் பின்னால் நம் காலை வாரியது.

எல்லாம் முடிந்த மதியம், ஒரு மூலையில் சின்னதாக ஒரு மல்லிமொக்கு போட்டாய். பார்டரில் வரிசையாக வருமே, அதில் ஒற்றை மொக்கு. நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு நம்பர் எழுதப்போனேன்.

"இது யாருது?"

நீ என்னைப் பார்க்கவில்லை. "உன்னுது" என்றாய்.

எனக்குப் பிறந்து ஒன்பதாம் நாள் போன பெண் குழந்தை. துணியில் சுற்றி என் வீட்டுக்காரர் எடுத்துப்போனார், திரும்பி வந்து குளித்தார், அவ்வளவுதான். எங்கே என்று ஒரு தடவை கேட்டேன். "கேக்காத" என்றார். அவர் சாகும்வரை நானும் கேட்கவில்லை. பச்சைக் குழந்தைக்குச் சமாதியும் கிடையாது, படையலும் கிடையாது, அதனால் மயானக்கொள்ளையன்றும் அந்த இடத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். நீ குழி வெட்டும் பெரியவரை டீக்கடையில் பிடித்து, எங்கெங்கே யார் யார் என்று கேட்டிருக்கிறாய். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தியது அவருக்கு நினைவிருந்தது. "ரைட்டரம்மா புள்ளையா? அந்த மனுசன் அழுவுறத பாக்க முடியாம நான் திரும்பி நின்னுக்கினேன்" என்றாராம்.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது? உன்னை யார் கேட்கச் சொன்னது என்று கத்தினேன். நம்பரும் வேண்டாம், பேரும் வேண்டாம் என்று பேனாவை மூடினேன். வந்து பார் என்று கூப்பிட்டாய், மாட்டேன் என்றேன். நீ பதிலுக்குக் கத்தவில்லை, அதுதான் அதிசயம். "போவணும்னு தோணறப்ப போ. கட்டத்துல இருக்குது, எங்கியும் பூடாது" என்று சொல்லித் தாளைச் சுருட்டி, ஜரிகை நூலால் கட்டி என் கையில் கொடுத்தாய். அதற்குப் பிறகு நாம் அதைப்பற்றிப் பேசவே இல்லை.

போன வாரம் மாநகராட்சியிலிருந்து நோட்டீஸ் ஒட்டினார்கள். வாசலில் நின்று பார்த்தால் இடப்பக்கம் காலியாக இருக்கிறதாம், அங்கே எரிவாயு தகனமேடை கட்டப்போகிறார்களாம். சமாதி இருந்தால் ஆதாரத்தோடு வந்து காட்டலாம், அந்த இடத்தை ஒதுக்கிவிட்டுக் கட்டுவோம் என்று போட்டிருந்தது. தெரு ஆண்கள் நாலு பேர் சுருளைக் கேட்டு வந்தார்கள். உங்களுக்குக் கட்டம் படிக்கத் தெரியாது, நானே வருகிறேன் என்றேன். அமாவாசையும் இல்லை, மாசியும் இல்லை, பெண் எப்படி வருவது என்று இழுத்தார்கள். "அளக்கறதுக்கு வந்திருக்குற இஞ்சினீரே ஒரு பொண்ணுதான்பா, போய்ப் பாரு" என்றேன். வழிவிட்டு நடந்தார்கள்.

கிளம்புமுன் கதவைச் சாத்திக்கொண்டு மல்லிமொக்கைத் தேடிப் பார்த்தேன். வலப்பக்கம் இருந்தது. மேடை வருவது இடப்பக்கம். அப்பாடா என்று சுருளை இடுக்கிக்கொண்டு மகாராணி மாதிரி போனேன்.

அந்தப் பொறியாளர் பெண்ணுக்கு என் பெண் வயது இருக்காது, பேத்தி வயது. காலில் பூட்ஸ், கையில் டேப். கட்டிய சமாதி ஒன்றின் பெயரைப் படித்து என் நோட்டில் தேடச் சொன்னாள். முதல் நம்பர். தாளைப் பார்த்தாள், சமாதியைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, உங்க மேப்புல இது லெஃப்ட்ல இருக்குது. இங்க ரைட்ல இருக்குதே?"

இரண்டாவது பார்த்தோம், மூன்றாவது பார்த்தோம். ஒன்றுகூடச் சேரவில்லை. பின்னாலிருந்து ஒருவர், பொம்பளைங்க போட்ட கணக்கு வேற எப்படி இருக்கும் என்றார். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். "தப்படி எண்ணிப் பாருய்யா. ஒரு தப்படி கொறஞ்சா இங்கியே எனக்கும் குழி வெட்டு." எண்ணினார். அட, தப்படி அத்தனையும் சரியாக இருந்தது. பக்கம்தான் மாறியிருந்தது. வெளியே வாய் பேசினாலும் உள்ளுக்குள் எனக்குச் சந்தேகம். உன்மேல் கோபம்கூட வந்தது. செத்துப்போய் என்னைச் சந்தியில் நிறுத்திவிட்டாளே என்று நினைத்தேன். தாளை மண்ணிலேயே விரித்து அப்படியும் இப்படியும் புரட்டிப் பார்த்தேன். உன் தாளில் மண் ஒட்டியது அப்போதுதான்.

அந்தப் பெண் தாளை எடுத்து உதறி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். நான் அவளுக்கு எதிரே தரையில் குந்தியிருந்தேன். தாளின் பின்பக்கம் எனக்குத் தெரிந்தது. வெயிலில் உன் சிவப்புக் கட்டங்களெல்லாம் ஊடுருவித் தெரிந்தன. முதல் நம்பர் வலப்பக்கம் இருந்தது. நான் எழுதிய நம்பர்கள்தான் தலைகீழாக, இல்லையில்லை, இடம் வலமாகத் திரும்பிக்கிடந்தன.

மயானத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேனடி. தறியில் ஓடும்போது சேலையின் பின்பக்கம்தானே மேலே இருக்கும், நல்ல பக்கம் கீழே பார்த்துக்கொண்டிருக்கும். இடப்பக்கம் பார்க்கவேண்டிய மயிலை வலப்பக்கம் பார்க்கவைத்தே வரைந்த கை உன்னுடையது. கல்யாணச் சேலை முந்தியில் பொண்ணு மாப்பிள்ளை பெயர் போடச் சொன்னால், நான் நேராக எழுதுவதைவிட வேகமாக நீ திருப்பி எழுதுவாய். அந்தக் கை நம் மயானத்தையும் தறியில் ஏற்றப்போவதாக நினைத்துத் திருப்பிப் போட்டுவிட்டது! நம்பராவது நீ எழுதியிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். நேராக எழுதிக் காரியத்தைக் கெடுத்தவள் நான்.

"திருப்பிப் பாரும்மா. நெசவுக்காரி போட்டது, பின்பக்கம்தான் நல்ல பக்கம்" என்றேன். திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எல்லாரும் அவரவர் இடத்தில் படுத்திருந்தார்கள். பொம்பளைங்க கணக்கு என்றவர் தன் பாட்டன் இடம் மேடை வரும் இடப்பக்கம் இருப்பதைக் கண்டு, அம்மா அம்மா என்று என் பின்னாலேயே வந்தார்.

அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. எல்லாம் திரும்பினால் மல்லிமொக்கும் திரும்பும். இடப்பக்கம். சுண்ணாம்புக்கோடு போட்டு, முளை அடித்துவைத்திருந்த சதுரத்துக்குள்.

"இந்தப் பூ என்னது ஆன்ட்டி? நம்பர் இல்லியே. லிஸ்ட்ல இல்லாத இடத்த நான் விட முடியாதே" என்றாள்.

எழுதாமல் விட்டது யார்? நான்தான். ஊரில் எல்லார் ஆயாவுக்கும் பெயர் கேட்டு எழுதிய மகராசி, பெற்ற பெண்ணை எழுதாமல் பேனாவை மூடினேன். இப்போது நான்கு ஆண்கள் பார்த்துக்கொண்டு நிற்க, நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். கடைசி வரியில் நீ இருந்தாய். ஐந்து மாதத்துக்கு முன் கண்ணைத் துடைத்துக்கொண்டே நான் எழுதிய உன் பெயர், உன் நம்பர். அதற்குக் கீழே அடுத்த நம்பரைப் போட்டேன். பெயர் வைப்பதற்கு முன்னால் போன குழந்தை. ஆனால் என்ன பெயர் வைக்க இருந்தேன் என்பது உலகத்தில் உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும், அதுவும் என்றோ ஒருநாள் நான் வாய்தவறிச் சொன்னது. எத்தனையோ பூப்புட்டா டிசைன் தெரிந்த உன் கை ஏன் அந்த மொக்கைத் தேர்ந்தெடுத்தது என்பதும் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

மல்லிகா என்று எழுதினேன். என் மகள் என்று பக்கத்தில் எழுதினேன். என் கையெழுத்து கொஞ்சம்கூட ஆடவில்லை, பார்த்தால் நீயே மெச்சுவாய்.

அந்தப் பெண் அதைப் படித்தாள். தானே தப்படி வைத்து எண்ணிப்போய் ஓர் இடத்தில் நின்று, "இங்கதான் ஆன்ட்டி" என்றாள். அப்புறம் ஆளைக் கூப்பிட்டு முளையைப் பிடுங்கவைத்து, சுண்ணாம்புக்கோட்டை அந்த இடத்தைச் சுற்றி வளைத்துப் போட்டாள். ஆபீஸ் படத்திலும் குறித்துக்கொண்டாள். நான் அங்கே உட்கார்ந்தேன். கையில் பால் இல்லை, பாட்டில் தண்ணீர்தான் இருந்தது, ஊற்றினேன். அழுதேன், அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? முப்பத்தெட்டு வருஷம் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. இப்போது அதற்கு ஒரு இடம் இருக்கிறது, வாசலிலிருந்து எத்தனை தப்படி என்று எனக்குத் தெரியும். வருகிற மாசியில் கொழுக்கட்டையோடு போவேன். பச்சைக் குழந்தைக்குப் படையல் கிடையாது என்று எவனாவது வந்து சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

மண்ணெல்லாம் துடைத்தாயிற்று, தாள் காய்ந்துவிட்டது. உன் பெயரை நோட்டில் எழுதினேனே தவிர, உன் கட்டத்தை இந்தத் தாளில் போட எனக்குக் கை வரவில்லை. கட்டம் போடுகிறவள் நீ அல்லவா. இன்று உன் சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டேன், மை இன்னும் இருக்கிறது. வாசலில் நின்றால் வலப்பக்கம் பதினேழு தப்படி என்று உன் மகன் சொன்னான். அதனால் தாளில் இடப்பக்கம் எண்ணுகிறேன்.